வாசலில் அளக்கப்படும் பெற்றோர்

தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டாலும் மாலை மணி அடிப்பதற்குச் சற்று முன்பே வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். ஸ்கூட்டியில் சாய்ந்து நிற்கும் அம்மாக்கள், குடையோடு வரும் தாத்தாக்கள், வேன் ஓட்டுநர்கள், ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆட்டோக்காரர், வேலைக்கு நடுவே ஓடிவந்த அப்பா. இவர்களில் பெரும்பாலோருக்கு மற்றவரின் பெயர் தெரியாது. ‘ஹரிணி அம்மா’, ‘யுவன் அப்பா’ என்ற அளவில்தான் பழக்கம். ஆனால் ஒருவரைப் பற்றி மற்றவர் வைத்திருக்கும் தீர்ப்பு மட்டும் உறுதியானது. அந்த அம்மா ரொம்பப் படுத்துவார். இந்த அம்மாவுக்கு வேலைதான் முக்கியம், பிள்ளை இல்லை. அவர்கள் வீட்டில் படிப்பைப் பற்றிக் கவலையே கிடையாது. இவர்கள் மதியச் சோற்றுக்காக அனுப்புகிறவர்கள்.

இத்தீர்ப்புகளை வெறும் வாசல் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அவை கேட்டைத் தாண்டி வகுப்பறைக்குள்ளும் தலைமையாசிரியர் அறைக்குள்ளும் சேர்க்கைப் படிவத்துக்குள்ளும் போகின்றன. பிள்ளையின் மீது இறங்குகின்றன. கல்வியியல், சமூகவியல், பொருளாதாரம் ஆகிய துறைகளில் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. பள்ளி வாசலில் நம் கண்ணுக்குப் படுவது ஒரு குடும்பத்தின் நேரமும் வசதியும் வேலையின் தன்மையும்தான். அதை அக்கறையின் அளவாக நாம் படித்துக்கொள்கிறோம்.

‘சோற்றுக்காக அனுப்புகிறவர்கள்’

முதலில், மிகப் பழைய முத்திரையை எடுத்துக்கொள்வோம். ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்ற நம்பிக்கை அது. அரசுப் பள்ளிகளில் பணியாற்றும் நல்ல ஆசிரியர்கள்கூட அலுப்பின் உச்சத்தில் இதைச் சொல்வதுண்டு: “பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விட்டா போதும்னு இருக்காங்க சார். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தது இல்ல.”

இந்தியாவில் இந்த நம்பிக்கையை நேருக்கு நேர் சோதித்த பெரிய முயற்சி, 1999இல் வெளியான ‘புரோப்’ அறிக்கை. பொருளியலாளர் ஜீன் திரேஸ் உள்ளிட்ட குழுவினர் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் 1996இல் கள ஆய்வு செய்தார்கள். பள்ளிக் கல்வியில் அன்று பின்தங்கியிருந்த மாநிலங்களே இவற்றில் பெரும்பாலானவை. பெற்றோரின் அக்கறையின்மையே அதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஆண் பிள்ளைக்குப் படிப்பு முக்கியம் என்று 98 சதவீதப் பெற்றோர் சொன்னார்கள். பெண் பிள்ளைக்கும் முக்கியம் என்றவர்கள் 89 சதவீதம். பிள்ளைகள் பள்ளியில் நிலைக்காததற்கு அறிக்கை சுட்டிய காரணங்கள் வேறு. படிப்புக்கு ஆகும் செலவு, பாடம் நடக்காத வகுப்பறை, ஆசிரியர் வராத நாட்கள், கட்டடமும் கழிப்பறையும் இல்லாத பள்ளி. பெற்றோர் பள்ளியின் மேல் நம்பிக்கை இழந்திருந்தார்கள். படிப்பின் மேல் அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த முத்திரை மதிய உணவோடு ஒட்டிக்கொண்டது. பள்ளியில் உணவு தரும் மரபு இங்கே மிகப் பழையது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கியது. காமராசர் 1956இல் மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. நூறாண்டுக்கும் மேலான இந்த வரலாற்றோடு ஓர் ஏளனமும் கூடவே நடந்து வந்திருக்கிறது: தட்டோடு வருகிற பிள்ளை தட்டுக்காகவே வருகிறது என்று.

ஆனால் ஒரு கூலிக் குடும்பத்தின் கணக்கை உள்ளிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அவர்களுக்கு இலவசம் அல்ல. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் கை ஒன்று குறைகிறது. நோட்டு, பேருந்து, காலணி என்று செலவு வருகிறது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாய் மதியத்துக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் கிடைக்கும் சாப்பாடு இந்தச் சுமையின் ஒரு பகுதியை இறக்குகிறது. மதிய உணவு இருக்கும் இடங்களில் பெண் பிள்ளைகளின் பள்ளி வருகை கூடியதை இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அனுப்ப வேண்டும் என்ற ஆசை முன்பே இருந்தது. அனுப்ப முடியும் என்ற நிலையைச் சாப்பாடு உண்டாக்கியது. இதைப் பெற்றோரின் பேராசையாகவோ அலட்சியமாகவோ படிப்பது, அரசின் மிகச் சிறந்த கல்வி முதலீடுகளில் ஒன்றை அதன் பயனாளிகளுக்கு எதிரான குற்றச்சாட்டாக மாற்றிவிடுகிறது.

‘கண்ணை மட்டும் விட்டுட்டு…’

வராத பெற்றோர், பேசாத பெற்றோர் ஏன் அப்படி இருக்கிறார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 1989இல் வெளியிட்ட நூல், இரண்டு தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டு இக்கேள்வியை ஆராய்ந்தது. ஒன்றில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், மற்றதில் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். இரு பக்கத்துப் பெற்றோரும் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்றே விரும்பினார்கள். வேறுபட்டது, தங்கள் பங்கு என்ன என்பதைப் பற்றிய அவர்களின் எண்ணம். படித்த பெற்றோர் ஆசிரியரைத் தமக்குச் சமமானவராகக் கருதிக் கேள்வி கேட்டார்கள், தலையிட்டார்கள். தொழிலாளர் வீட்டுப் பெற்றோர், கற்பிப்பது ஆசிரியரின் தேர்ச்சி, அதில் நாம் கைவைக்கக் கூடாது என்று ஒதுங்கி நின்றார்கள். அந்த ஒதுக்கம் மரியாதையிலிருந்து வந்தது. பள்ளியோ அதை அக்கறையின்மையாகக் கண்டது. 2003இல் வந்த தன் அடுத்த பெரிய ஆய்வில் லரோ 88 குடும்பங்களை நேர்கண்டு, அவற்றில் 12 குடும்பங்களோடு நெருங்கிப் பழகி, இந்த வேறுபாடு வீட்டின் அன்றாடத்தில் எப்படி ஊறியிருக்கிறது என்பதையும் எழுதினார்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு ஈடான காட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையைச் சேர்க்க வரும் கிராமத்துத் தகப்பன் ஆசிரியரிடம் சொல்கிற வார்த்தை: “கண்ண மட்டும் விட்டுட்டு மீதியெல்லாம் உரிச்சிடுங்க சார், படிச்சா போதும்.” பிள்ளையை அடிப்பதற்கு அனுமதி தரும் இந்த வாக்கை இன்று யாரும் ஏற்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தை வதைக்கும் தண்டனையையும் தடை செய்திருக்கிறது. ஆனால் அந்த வாக்கின் பொருளைக் கவனிக்க வேண்டும். தன்னிடம் உள்ள மிக மதிப்பான ஒன்றை, தனக்குத் தெரியாத ஒரு கலையில் தேர்ந்தவரிடம் முழுமையாக ஒப்படைக்கிறார் ஒருவர். இப்படி ஒப்படைத்தவர் மறுநாள் வந்து, வகுப்பில் என்ன நடத்தினீர்கள் என்று கேட்கமாட்டார். கேட்பது தம் மரியாதைக்கே குறைவு என்று நினைப்பார். அவருடைய மௌனத்தை ‘அக்கறை இல்லை’ என்று பதிவேட்டில் எழுதும்போது அவர் தந்த நம்பிக்கை குற்றமாகிவிடுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. பள்ளிக்குள் நுழைவதே பலருக்குக் கூச்சம். தாம் படித்த காலத்தில் பெஞ்சின் மீது ஏறி நின்ற நினைவு, பாதியில் நின்ற படிப்பு, கையெழுத்துப் போடச் சொன்னால் வரும் பதற்றம். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெண்களின் எழுத்தறிவு சுமார் 73 சதவீதம். அன்று எழுத்தறியாதவராகக் கணக்கிடப்பட்ட இளம் தாய்மார்களின் பிள்ளைகள்தான் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பள்ளி வரிசைகளில் நின்றார்கள். மற்றவர்கள் முன்னிலையில் ரேங்க் கார்டை நீட்டி, “படிச்சுப் பாருங்கம்மா, எவ்வளவு மார்க் வாங்கியிருக்கான்னு” என்று சொல்லப்படும் ஒரு தாய் அடுத்த கூட்டத்துக்கு வராமலிருக்க அந்த ஒரு வாக்கியமே போதும்.

அம்மா ஏன் வரவில்லை?

வாசலில் நிற்கும் கூட்டத்தில் பெண்களே அதிகம். ஆகவே தீர்ப்புகளும் அவர்கள் மேல்தான் அதிகமாக விழுகின்றன. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், தலை வாராமல் வந்தால், டிபன் பாக்ஸில் பிஸ்கட் இருந்தால், கேள்வி தாயை நோக்கியே போகிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குழு பெரும்பாலும் அம்மாக்களின் குழுவாகவே இயங்குகிறது. அன்றாட வேலைக்கு அம்மா, பெரிய குற்றத்துக்கு, “நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா.” உழைப்பை ஒருவரிடமும் அதிகாரத்தை இன்னொருவரிடமும் வைக்கும் பழக்கம் இது. அப்பா ஒரு நாள் வந்து பிள்ளையை அழைத்துப் போனால் வாசல் அதைப் பாராட்டுகிறது. அம்மா ஒரு நாள் தாமதித்தால் அது கவனத்தில் ஏறுகிறது.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த ஏற்றத்தாழ்வை எண்ணாகத் தருகிறது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஆண்களில் அப்படி ஈடுபட்டவர்களே நான்கில் ஒருவர் அளவுதான்; பெண்களில் ஐந்தில் நான்கு பேர். இந்தச் சுமையோடு வேலைக்கும் போகும் தாயிடம் வாசல் கேட்கிற கேள்வி, “பிள்ளையப் பார்த்துக்காம அப்படி என்ன வேலை?” வேலைக்குப் போகாத தாயிடம் கேட்கிற கேள்வி, “வீட்லதானே இருக்கீங்க, சொல்லிக் கொடுக்கக் கூடாதா?” இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு பெண் நிற்பதற்கு இடமே இல்லை.

பணியிடத்திலும் இதே பார்வைதான். ஷெல்லி கோரெலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தகுதியில் சமமான வேலை விண்ணப்பங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். தாய் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் திறமையையும் வேலைமீதான பற்றையும் குறைவாக மதிப்பிட்டார்கள். தொடக்க ஊதியமும் குறைவாகவே பரிந்துரைக்கப்பட்டது. தந்தைக்கு இப்படி எந்த இழப்பும் நேரவில்லை. அலுவலகம் ஒரு பெண்ணைத் தாய் என்பதற்காகச் சந்தேகிக்கிறது. பள்ளி அதே பெண்ணை வேலை பார்ப்பவர் என்பதற்காகச் சந்தேகிக்கிறது.

இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைகளில் பணியாற்றும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019–20ஆம் ஆண்டுக்கான தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு காட்டியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் திருப்பெரும்புதூர் மின்னணு ஆலைகளிலும் ஆம்பூர் தோல், காலணித் தொழிலிலும் வேலை செய்யும் இந்தப் பெண்களின் ஷிப்ட், பள்ளி மணிக்கு ஏற்ப முடிவதில்லை. பெற்றோர்–ஆசிரியர் கூட்டம் வேலை நாளின் காலை பத்து மணிக்கு என்று அறிவிக்கப்படும்போது, மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு மணி நேர அனுமதி. நாள் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி. வராதவர்களின் பட்டியலைப் பள்ளி எடுக்கிறது. வருவதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்ற பட்டியலை யாரும் எடுப்பதில்லை.

தாமதமாக வரும் பெற்றோரைத் திருத்த முயன்ற ஒரு சோதனை இங்கே நினைக்கத் தக்கது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீஸி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. மாலையில் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. அது ஏறக்குறைய இரு மடங்காகக் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. அதுவரை, காத்திருக்கும் ஆசிரியைக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்ற உணர்வு பெற்றோரை விரைந்து வரவைத்திருந்தது. கட்டணம் வந்ததும் அந்த உறவு கொடுக்கல் வாங்கலாகிவிட்டது. பெற்றோரைப் பொறுப்பற்றவர்களாக வைத்து விதி எழுதும் நிறுவனம், அவர்களிடம் ஏற்கெனவே இருந்த பொறுப்பையும் கரைத்துவிடக்கூடும்.

‘படுத்துகிற’ பெற்றோர்

முத்திரை வசதியற்றவர்கள் மேல் மட்டும் விழுவதில்லை. தனியார் பள்ளி வாசலில் வேறொரு உருவம் இருக்கிறது: அரை மதிப்பெண்ணுக்காக ஆசிரியையிடம் வாதாடும் அம்மா, யூகேஜி பிள்ளையை அபாகஸ், பரதம், கீபோர்டு என்று அலைக்கழிக்கும் அப்பா. பிள்ளையைப் பந்தயக் குதிரையாக்குகிறார்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்கிறோம்.

அழுத்தம் உண்மை, அதனால் பிள்ளைகள் படும் துன்பமும் உண்மை. ஆனால் அதைத் தனித்தனிப் பெற்றோரின் குணக்கேடாகப் பார்ப்பது பாதி உண்மைகூட இல்லை. மானுடவியலாளர் ஹென்ரிக்கே டோனர் கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கக் குடும்பங்களைப் பற்றி 2008இல் வெளியிட்ட நூலில், நல்ல பள்ளியில் இடம் பிடிப்பதும் வீட்டுப்பாடம் செய்யவைப்பதும் அங்கே தாய்மையின் முதன்மைக் கடமைகளாக மாறியிருந்ததைக் காட்டினார். பிள்ளையின் மதிப்பெண் அங்கே தாயின் மதிப்பெண்ணாகிறது. தமிழ்நாட்டிலும் நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகளும், தெருமுனைகளில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படம் போட்ட ஃபிளெக்ஸ் பலகைகளும், ஒற்றைத் தேர்வில் வாழ்க்கை முடிவாகும் என்ற அச்சமும் சேர்ந்து இந்தப் பெற்றோரை உருவாக்கின. 2017இல் தமிழக அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியபோது, பதற்றத்தை ஊட்டுவதில் அமைப்புக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது என்றே கொள்ளலாம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. தொழிலாளர் வீட்டுத் தாய் கேள்வி கேட்கவில்லை என்றால் அவருக்கு அக்கறை இல்லை. நடுத்தர வர்க்கத் தாய் கேட்டால் அவர் படுத்துகிறார். எந்தப் பெற்றோர்தான் சரியானவர் என்று வாசலில் கேட்டால் பதில் வராது. ஒருவரும் பொருந்த முடியாத ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு எல்லாரையும் அளக்கிறோம்.

கேட்டுக்கு உள்ளே

பெற்றோரைப் பற்றிய தீர்ப்பு பிள்ளையை எட்டும் வழி எது? ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் 1968இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், எந்தத் தகுதியும் பாராமல் குலுக்கலாகத் தேர்ந்த சில மாணவர்களை, இவர்கள் விரைவில் மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு இறுதியில் தொடக்க வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வு கடுமையான விவாதத்துக்கு உள்ளானது. பின்னர் வந்த மதிப்பாய்வுகள், ஆசிரியரின் எதிர்பார்ப்பு ஏற்படுத்தும் விளைவு பொதுவாகச் சிறியது என்றே சொல்லின. அவற்றோடு இன்னொன்றையும் சொல்லின: சமூகத்தில் ஏற்கெனவே இழிவு சுமத்தப்பட்ட பிரிவினரிடம் அந்த விளைவு வலுவாக இருக்கக்கூடும்.

நம் நாட்டில் அந்த இழிவுக்குச் சாதி என்று பெயர். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களை வைத்து நடத்திய சோதனையில், தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது, மேல்சாதிச் சிறுவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் திறமையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் செயல்திறன் சரிந்தது. பிள்ளையின் மூளையில் எதுவும் மாறவில்லை. அவன் யாருடைய மகன் என்பது சபையில் சொல்லப்பட்டது, அவ்வளவே. ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளின் முகப்பில் சாதியைக் குலுக்கலாக எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. குறைவு சிறியதுதான், ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக் காலத்தில் எத்தனை விடைத்தாள் எழுதுகிறது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடை போட வேண்டும்.

வாசலில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. “எந்தத் தெரு?”, “எங்கிருந்து வர்றீங்க?” என்ற கேள்விகள் போதும். ‘காலனி’ என்ற ஒரு சொல் வசைபோல ஆகிவிட்டதால், குடியிருப்புகளைக் குறிக்க அதைப் பயன்படுத்துவதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது.

பெற்றோரைத் தரம் பிரிப்பது எழுத்திலேயே இருந்த காலமும் உண்டு. தில்லியின் தனியார் பள்ளிகள் மழலையர் சேர்க்கைக்கு வைத்திருந்த 62 அளவுகோல்களை ரத்து செய்வதாகத் தில்லி அரசு 2016 ஜனவரியில் அறிவித்தது. பெற்றோரின் படிப்பு, தொழில் மட்டுமின்றி, அவர்கள் புகைபிடிக்காதவர்களா, சைவ உணவு உண்பவர்களா என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தன. அறிவிப்பின் சில பகுதிகளுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது என்றாலும், பள்ளிகள் எதையெல்லாம் நல்ல பெற்றோரின் அடையாளமாகக் கருதின என்பதற்கு அந்தப் பட்டியல் அழியாத சான்று. இத்தனைக்கும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த நடைமுறையும் கூடாது என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தது. முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பெற்றோரின் தொழிலைக் கொண்டு பிள்ளையின் கல்வியை வரையறுக்க முயன்ற வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டத்தை 1954இல் காமராசர் ஆட்சி கைவிட்டது. உழவர் பிள்ளை உழவு கற்கட்டும் என்ற எண்ணத்தைத் தமிழ்ச் சமூகம் அரசியல் மேடையில் தோற்கடித்தது. ‘அவங்க அப்பனே படிக்கல, இவன் எங்க படிக்கப் போறான்’ என்ற வாக்கியத்தில் அதே எண்ணம் இன்றும் வகுப்பறைக்குள் வாழ்கிறது.

உண்மையான அலட்சியம் இல்லையா?

இருக்கிறது. குடியால் சீரழிந்த வீடு, அடிக்கும் தகப்பன், பள்ளியை நிறுத்திவிட்டு மகளுக்குத் திருமணம் பேசும் குடும்பம், பசியோடு அனுப்பப்படும் பிள்ளை. இவற்றை ஆசிரியர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, பதிவேடுகளையும் நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டின் கதையையும் தேடிப் போவதும் எளிதல்ல.

ஆனால் முத்திரை அந்த உண்மையான அலட்சியத்தைக் கண்டுபிடிக்க உதவுவதில்லை. அது அதை மறைக்கிறது. கசங்கிய சேலையோடு தாமதமாக வரும் தாயைச் சந்தேகிக்கப் பழகிய கண், நேரத்துக்குக் காரில் வந்து ஆங்கிலத்தில் பேசும் பெற்றோரின் பிள்ளை கையில் இருக்கும் காயத்தைப் பார்ப்பதில்லை. வன்முறையும் புறக்கணிப்பும் எல்லா வகை வீடுகளிலும் நடக்கின்றன. அவற்றின் அடையாளங்கள் பிள்ளையிடம் தெரியும்: திடீர் மௌனம், தொடர்ந்து வராமை, காயம், பயம். பிள்ளையைக் கவனிக்கும் ஆசிரியருக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது அழைக்க வேண்டும் என்பது தெரியும். பெற்றோரின் உடையைக் கவனிப்பவருக்குத் தெரியாது.

என்ன செய்யலாம்?

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த கருத்து இங்கே வழிகாட்டுகிறது. வேறுபட்ட பிரிவினர் ஒருவரையொருவர் பார்ப்பதால் மட்டும் முன்தீர்ப்பு குறையாது. சமமான நிலை, பொதுவான குறிக்கோள், சேர்ந்து செய்யும் வேலை, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்றார். பள்ளி வாசலில் இவற்றில் ஒன்றும் இல்லை. தினமும் சந்திக்கிறோம், சேர்ந்து எதுவும் செய்வதில்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் அருகருகே நின்றும் தீர்ப்புகள் மாறுவதில்லை.

சேர்ந்து பழக இடம் கிடைத்தால் பிள்ளைகள் முன்தீர்ப்பை வேகமாகக் கைவிடுகிறார்கள். தில்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு வந்ததை ஆராய்ந்த கௌதம் ராவ், 2019இல் வெளியிட்ட கட்டுரையில், ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகள் மேலும் ஈகையோடும் பாகுபாடு குறைந்தவர்களாகவும் இருந்ததைக் காட்டினார். ஒரே பெஞ்சு, ஒரே விளையாட்டு, ஒரே வீட்டுப்பாடம் என்று ஆல்போர்ட் சொன்ன எல்லாம் வகுப்பறையில் இருந்தன.

பெற்றோருக்கு அப்படி ஓர் இடத்தைச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைய வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, 20 உறுப்பினர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஒரு தாய்க்கு என்று வகுக்கப்பட்டது. கூலிக்குப் போகும் பெண்கள் பலர் முதன்முறையாகத் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்தார்கள். குழு அமைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் இருந்துவிட முடியாது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் கிராமக் கல்விக் குழுக்களை ஆராய்ந்தபோது, அப்படி ஒரு குழு இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. உறுப்பினர் சிலருக்கே தாம் உறுப்பினர் என்பது தெரியவில்லை. பேருக்கு இருக்கும் குழு, ‘கூப்பிட்டும் வரவில்லை’ என்ற முத்திரைக்கு இன்னொரு சான்றாகவே முடியும்.

வீட்டில் நடக்கும் பங்களிப்பையும் பங்களிப்பாக எண்ண வேண்டும். பீகார், ராஜஸ்தான் மாநிலங்களில் ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெரி, மார்க் ஷாட்லண்ட் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, எழுத்தறிவு குறைந்த தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பும், பிள்ளையோடு வீட்டில் செய்யத்தக்க சிறு கல்விச் செயல்பாடுகளும் தந்து பார்த்தது. முன்னேற்றம் பெரிதல்ல, ஆனால் தாயின் கற்றலிலும் பிள்ளையின் கணக்கிலும் அது தெரிந்தது, தாய்மார்கள் பிள்ளையின் படிப்பில் கூடுதலாக ஈடுபட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் பிள்ளையின் படிப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணத்துக்கு இதுவே பதில்.

பள்ளிகள் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்டின் தொடக்கத்தில், எந்த நாள், எந்த நேரம் உங்களால் வர முடியும் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வேலை நாள் காலையில் மட்டும் கூட்டம் வைக்காமல் ஒரு மாலையிலும் வைக்கலாம். வர முடியாதவரோடு தொலைபேசியில் பேசியதையும் வருகையாகக் கணக்கிடலாம். வீட்டுக்குப் போகும் முதல் செய்தி புகாராக இல்லாமல் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைப் பற்றியதாக இருக்கலாம். மதிப்பெண்ணைச் சபையில் வாசிக்காமல் தனியே பேசலாம். அன்றாடச் செய்திகளுக்கும் அப்பாவின் எண்ணை அழைக்கலாம். பாட்டியோ சித்தியோ வளர்க்கும் பிள்ளையின் வீட்டில் அவர்களையே பெற்றோராக ஏற்றுப் பேசலாம். இவை எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

வாசலில் நிற்கும் நமக்கும் வேலை இருக்கிறது. கூட்டத்துக்கு வராத அம்மாவைப் பற்றிப் பேச்சு எழும்போது, அவர் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருகிறார் என்று தெரியுமா என ஒருவராவது கேட்கலாம். தெரியாவிட்டால் போய் விசாரிக்கலாம். கூட்டத்தில் நடந்ததை அவரிடம் சொல்லலாம். மழை நாளில் அவர் பிள்ளையையும் சேர்த்து அழைத்து வரலாம். பெற்றோர் ஒருவரையொருவர் மதிப்பிடுவதில் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கைப் பள்ளியிடம் சேர்ந்து கேட்பதில் செலவிட்டால், கழிப்பறைக்குத் தண்ணீர் வரும், காலிப் பணியிடத்துக்கு ஆசிரியர் வருவார், கூட்டத்தின் நேரம் மாறும். பிள்ளையின் மேல் அக்கறை உள்ளவர் யார் என்று இவ்வளவு காலம் தேடியிருக்கிறோம். ஆய்வுகள் தரும் விடை, ஏறக்குறைய எல்லாரும் என்பதே. இனிக் கேட்க வேண்டியது, அந்த அக்கறை பள்ளியை வந்து சேர எது தடையாக இருக்கிறது என்பது. அந்தத் தடைகளில் பல பள்ளியின் கையிலும் அரசின் கையிலும் வேலை தருபவரின் கையிலும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுப் பெறலாம்.